தலையெழுத்தைப் படமெடுக்கும்போது

ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. முடிந்த சில மணி நேரத்தில் ஒரு பெரிய உறை வரும். ரசீதைக் காட்டினால் போதும், யார் கையிலும் கொடுத்துவிடுவார்கள். அப்பாவைப் பைக்கில் உட்காரவைத்து அழைத்து வந்த மகன் அதை வாங்குவான். கூட வந்த மாமா பிலிமை உருவி டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒன்றும் புரியாவிட்டாலும் இரண்டு தடவை தலையாட்டுவார். மகன் உள்ளே இருக்கும் தாளைப் பிரிப்பான். ஆங்கிலத்தில் மூன்று நான்கு பத்தி. கடைசி வரியில், காடேட் பகுதி இருபுறமும் சுருங்கியிருக்கிறது, ஹன்டிங்டன் நோயாக இருக்கலாம், மரபணுச் சோதனை செய்து பார்க்கவும் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் செல்போனில் தட்டுவான். அப்பா வாசலில் டீ குடித்து முடிப்பதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்பாவுக்கு வந்திருப்பது குணமாகாத நோய். தனக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கும் தங்கைக்கும் அப்படியே.

படம் எடுத்தது அப்பாவின் மூளையை. செய்தி போய்ச் சேர்ந்தது மகனுக்கு. தெரிந்துகொள்ள விருப்பமா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

இதை அநீதி என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆள் பற்றாக்குறை, நேரமின்மை, நடைமுறைச் சிக்கல் என்று எத்தனை காரணம் சொன்னாலும், கேட்காதவர் மடியில் அவருடைய வருங்காலத்தைத் தூக்கிப்போட எந்த மருத்துவ அமைப்புக்கும் உரிமை கிடையாது. கருவியின் மேல் பழி போடவும் வேண்டாம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. இன்னும் சொன்னால், பயப்படும் அளவுக்குச் சரியாகச் செய்யத் தொடங்கியிருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் 1872-இல் இந்த நோயை விவரித்தபோது அவருக்கு வயது 22. நியூயார்க் பக்கத்து லாங் தீவில் அவருடைய தாத்தாவும் அப்பாவும் வைத்தியம் பார்த்த அதே குடும்பங்களில், கை கால்கள் சொன்ன பேச்சு கேட்காமல் துள்ளுவதையும், மனம் கலங்குவதையும், அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதையும் அவர் எழுதிவைத்தார். மூன்று தலைமுறை வைத்தியர்கள் ஒரே ஊரில் இருந்ததால்தான் அவருக்கு அது புலப்பட்டது. காரணமான மரபணு 4-ஆம் குரோமோசோமில் இருப்பது 1983-இல் தெரிந்தது. அந்த மரபணுவே 1993-இல் கைக்கு வந்தது. அதில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. 26 தடவை வரை வந்தால் கவலையில்லை. 40-ஐத் தொட்டால், வாழ்நாள் நீளுமானால் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது பிள்ளைகள் பிறந்துவிட்ட பிறகு, நோய் தலைகாட்டுகிறது. இயற்கை இதைவிடக் கொடூரமாக ஒரு காலக்கணக்குப் போட்டிருக்க முடியாது.

மூளையின் அடியாழத்தில் காடேட், புட்டமென் என்று இரண்டு பகுதிகள் உண்டு. உடல் அசைவைக் கட்டி மேய்ப்பவை. நோய் முதலில் கடிப்பது இவற்றைத்தான். சுருங்கச் சுருங்க, பக்கத்தில் நீர் நிறைந்த அறைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்த காடேட் தேய்ந்து தட்டையாவதால், முற்றிய நிலையில் அந்த அறைகளின் முனை பெட்டிபோல் சதுரித்துத் தெரியும். பழகிய கண்ணுக்கு ஒரே பார்வை போதும். ஆனால் இன்றைய எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் கண்ணை நம்புவதில்லை. கணினி கன மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சொல்கிறது. லண்டன், பாரிஸ், லெய்டன், வான்கூவர் நகரங்களில் 366 பேரை வைத்து 2008-இல் தொடங்கிய டிராக்-எச்டி ஆய்வு, ஒரு கை விரல்கூட நடுங்காதவர்களின் மூளையிலும் இந்தச் சுருக்கம் நடந்துகொண்டிருப்பதைக் காட்டியது. 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வு, நோய் வர இன்னும் ஏறத்தாழ 24 ஆண்டுகள் இருப்பதாகக் கணிக்கப்பட்ட இளைஞர்களைப் பார்த்தது. அவர்களின் நினைவாற்றலும் நிதானமும் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தன. புட்டமென் மட்டும் சற்றே சிறுத்திருந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள். ஒருவர் படித்து, வேலைக்குப் போய், காதலித்து, வீடு கட்டி, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் காலம்.

2022-இல் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஹன்டிங்டன் நோய்க்குப் புதிதாக நிலைகளை வகுத்தார்கள். மரபணு மாற்றம் மட்டும் இருந்தால் பூஜ்ஜியம் நிலை. படத்தில் காடேட்டோ புட்டமெனோ குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருங்கியிருந்தால் முதல் நிலை. உடலில் அறிகுறி தெரிவதே இரண்டாம் நிலையில்தான். இது ஆராய்ச்சிக்கு மட்டும், சிகிச்சை அறைக்கு அல்ல என்று அவர்களே எச்சரித்தும் இருக்கிறார்கள். புது மருந்துகளை நோய் முற்றுமுன் சோதித்துப் பார்க்க இப்படி ஓர் அளவுகோல் தேவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நன்றாக நடந்து, பேசி, சம்பாதித்துக்கொண்டிருக்கும் ஒருவரை ஒரு படத்தை வைத்து நோயாளி என்று அழைப்பதற்கான சொல் இப்போது தயாராகிவிட்டது. ஆராய்ச்சிக்கு என்று செய்த சொல் ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்படி அடங்காமல் போன கதையை ஜெர்மனியைக் கேட்டால் சொல்லும். 1933 ஜூலையில் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறித்த நோய்களில் ஹன்டிங்டனும் ஒன்று. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட் என்ற உயிரியலாளர் இந்த நோய்க் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடித் தொகுத்து, இவர்கள் பிள்ளை பெறாமல் அரசு தடுக்க வேண்டும் என்று வாதாடினார். வம்சாவளிப் பட்டியல் எழுதியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். பலர் வெறும் ஆர்வக்காரர்கள். பட்டியல் இருந்தது, கேட்டவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். இன்றைக்குப் பட்டியல் காகிதத்தில் இல்லை, சர்வரில் இருக்கிறது.

அந்தச் சர்வரில் இருப்பது பெயர் நீக்கிய படம்தானே, யாருடையது என்று எப்படித் தெரியும் என்பார்கள். தலையை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மூக்கும் கன்னமும் நெற்றியும் சேர்ந்தே பதிவாகின்றன. 2019-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலர்களின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை மீட்டெடுத்து, கடையில் கிடைக்கும் முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியான புகைப்படத்தோடு பொருத்திவிட்டது. பெயரை அழித்தாலும் முகம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி மரபணுச் சோதனையைப் பாருங்கள். 1993-இல் ரத்தச் சோதனை கைக்கு வந்ததுமே, நோய்க் குடும்பங்களின் சங்கங்களும் நரம்பியல் மருத்துவர்களும் கூடி 1994-இல் விதிமுறை வகுத்தார்கள். சோதனைக்கு முன் ஆலோசனை. யோசிக்க அவகாசம். எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று எழுந்துபோகும் உரிமை. குழந்தைக்கு, அது வளர்ந்து தானே முடிவெடுக்கும்வரை, சோதனை கிடையாது. பெற்றோர் கெஞ்சினாலும் கிடையாது. முடிவு நேரில், அவரிடம் மட்டும். இவ்வளவு கதவுகளையும் தாண்டிப்போய்த் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எத்தனை பேர்? வாய்ப்புள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை என்பதுதான் பல நாடுகளின் அனுபவம்.

நான்சி வெக்ஸ்லரைவிட இதற்கு வேறு சாட்சி வேண்டாம். தாய் லியனோர் இந்த நோயால் இறந்தவர். மகள் 1979 முதல் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரை மீனவக் குடியிருப்புகளுக்கு ஆண்டுதோறும் போய், பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட வம்சாவளியைத் தொகுத்து, ரத்தம் சேகரித்து, மரபணுவைத் தேடிப்பிடித்த கூட்டத்தை வழிநடத்தியவர். அந்தச் சோதனையைச் சாத்தியமாக்கியவரே தன் நிலையை ஊருக்குச் சொல்லாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். தனக்கும் நோய் இருப்பதை 2020-இல்தான், 74 வயதில், வெளியே சொன்னார். தெரிந்துகொள்வதா, எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் அவரே தீர்மானித்தார். மரக்காய்போ மக்களுக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கேள்வி. உலகத்துக்கு மரபணுவைக் கொடுத்த அந்தக் கரையில், நோயாளிகளுக்கென்று 1999-இல் திறந்த பராமரிப்பு இல்லம் பணமில்லாமல் மூடப்பட்டது. எடுத்துக்கொண்ட ரத்தத்துக்கு இதுதான் கைம்மாறு என்றால், அறிவியல் வெட்கப்பட வேண்டும்.

ஆக, ரத்தத்துக்கு இத்தனை காவல். படத்துக்கு? ஒன்றும் இல்லை. தலைவலி என்று போனவருக்கும் எம்.ஆர்.ஐ., பைக்கிலிருந்து விழுந்தவருக்கும் எம்.ஆர்.ஐ. குடும்பத்தில் இந்த நோய் இருப்பது தெரிந்த ஒருவர் அப்படி வேறு காரணத்துக்காகப் போய்ப் படுத்து எழுந்தால், மரபணுச் சோதனை சொல்லியிருக்கக்கூடியதை அந்த உறை சொல்லிவிடலாம். ஆலோசனை இல்லை, அவகாசம் இல்லை, எழுந்துபோக வழியும் இல்லை. சோதனை வேண்டாம் என்று தெளிந்து முடிவெடுத்தவரின் முடிவை, ஒரு ஸ்கேன் கட்டணம் உடைத்தெறிகிறது. அதிலும் படம் மரபணுவைப் போல உறுதியானதல்ல. காடேட் சுருங்க வேறு நோய்களும் காரணமாகலாம். அரைகுறைச் சேதி முழுச் சேதியைவிடக் கொடியது. அது ஆளைத் தூங்கவும் விடாது, எழவும் விடாது.

சட்டங்களின் ஓட்டையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2008-இல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், வேலை கொடுப்பவரும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் ஒருவருடைய மரபணுவை வைத்து அவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை என்பது ஒரு குறை. மரபணுச் சோதனை என்றால் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் போன்றவற்றில் மரபணு மாற்றத்தைத் தேடும் சோதனை என்று அது இலக்கணம் வகுத்திருப்பது இன்னொரு குறை. மூளைப் படம் அந்த இலக்கணத்துக்குள் வராது. பிரிட்டனில் அரசும் காப்பீட்டாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஐந்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு, அதுவும் ஹன்டிங்டன் சோதனை முடிவை மட்டுமே கேட்கலாம் என்று கட்டுப்படுத்துகிறது. அதுவும் மரபணுச் சோதனையைப் பற்றிய பேச்சுதான். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துபோட்ட கதை.

நம் நாட்டில் முன்வாசலே அரைகுறைதான். மரபணுவின் பெயரால் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் கிடையாது. மரபு நோய் என்று காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதையொட்டிச் சுற்றறிக்கை விட்டது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ உடல்நலத் தரவு என்று தனியாக ஒரு வகையே வைக்கவில்லை. நீங்கள் எந்தக் கடையில் சட்டை வாங்கினீர்கள் என்பதும், உங்கள் மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதும் அதன் கண்ணில் ஒரே ஜாதித் தரவு. அதுகூடக் கணினியில் ஏறிய தரவுக்குத்தான். உறையைப் பிரித்துப் பார்க்கும் சம்பந்தி வீட்டாரை எந்தச் சட்டமும் தடுக்காது.

சம்பந்தி என்று சொன்னது சும்மா இல்லை. சிறுமூளை தேய்ந்து நடை தள்ளாடும் மரபு நோய்களில் எஸ்.சி.ஏ.-1 என்று ஒரு வகை. இதுவும் சி-ஏ-ஜி நீண்டுபோவதால் வருவதே. படத்தில் சிறுமூளையும் அதன் முன்னால் இருக்கும் மூளைத்தண்டும் வற்றித் தெரியும். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தாரிடம் இது மிக அதிகமாக இருப்பதை 2005-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. அந்தச் சமூகத்தின் பெயரை நாம் இங்கே அச்சிடப்போவதில்லை. அச்சிட்டால் அடுத்த வைகாசியில் அந்தப் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு வரன் தட்டிப்போகும் என்பது வாசகருக்கே தெரியும்.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நோய் வந்த மனிதரை ஊர் என்ன சொல்கிறது? காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறான் என்கிறது. நாக்குக் குழறுகிறது, கால் பின்னுகிறது, பஸ்ஸில் கண்டக்டர் ஏற விடுவதில்லை. ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர் குடிகாரர் என்ற பட்டத்தோடு சாகிறார். அவருக்கு எம்.ஆர்.ஐ. படம் மானத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாட்சி. அறிகுறியோடு வந்து, எனக்கு என்ன என்று கேட்கிறவருக்குப் படம் எடுப்பதும் உண்மையைச் சொல்வதும் கடமை. அதில் நமக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சொல்லாமல் இருப்பதே குற்றமாகும் இடமும் உண்டு. வில்சன் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் படியும் மரபு நோய். பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோணும், எச்சில் வடியும், கை நடுங்கும். பேய் பிடித்தது என்று கோயில் கோயிலாக அலைவார்கள். சிலருடைய எம்.ஆர்.ஐ.யில் நடுமூளையின் குறுக்குவெட்டு பாண்டா கரடியின் முகம்போலவே தெரியும். ரேடியாலஜிஸ்டுகள் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். இதற்கு மருந்து இருக்கிறது. ஜான் வால்ஷே 1956-லேயே பெனிசிலமினைக் கொண்டுவந்துவிட்டார். துத்தநாக உப்பும் பயன்படுகிறது. சீக்கிரம் தொடங்கினால் பிள்ளை பிழைக்கும், படிக்கும், படத்தில் தெரிந்த கோளாறுகூட ஓரளவு மறையும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும் என்பதால், அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தில் இதற்கு இடம் அதிகம். ஒரு பிள்ளைக்கு வந்தால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இங்கே, நோயாளியின் தம்பி தங்கையைக் கூப்பிட்டுச் சோதிக்காமல் உறையைக் கொடுத்து அனுப்பிவிடும் மருத்துவர், தெரிந்தே அடுத்த பிள்ளையைக் கைவிடுகிறார்.

ஹன்டிங்டனையும் வில்சனையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. சொன்னால் பிழைப்பார் என்றால் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். சொல்லியும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால், அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்று தெரிந்த ஒருவர் உறைக்கும் குடும்பத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். இன்று அந்த இடத்தில் நிற்பது ரசீது வாங்கிப் பார்க்கும் கவுண்டர் பையன்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா என்பவர்கள், அதே ஸ்கேன் சென்டரின் சுவரைப் பார்க்கட்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்துச் சொல்லப்படமாட்டாது என்று பலகை தொங்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தொங்கவிட்ட பலகை. பெண் சிசுவைக் காக்க வந்த சட்டம் அது, நாம் பேசும் விஷயம் வேறு. ஆனாலும் கருவியின் கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் உரிமை ஸ்கேன் சென்டருக்கு இல்லை என்பதை இந்த நாடு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானித்து, மீறியவர்களைச் சிறைக்கும் அனுப்பியிருக்கிறது. எச்.ஐ.வி.க்கு என்ன செய்தோம்? அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று ஓர் அறை திறந்தோம். ரத்தம் எடுப்பதற்கு முன் ஒருவர் உட்காரவைத்துப் பேசுகிறார். முடிவு வந்த பின்னும் பேசுகிறார். தாளை மடித்து மாமா கையில் கொடுப்பதில்லை. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. வசதி குறைந்த மாவட்ட மருத்துவமனையாலும் இது முடியும் என்பதற்கு அந்த அறைகளே ருசு.

ஆகவே நாம் கேட்பது புதுமையானது எதுவுமில்லை. மரபு நரம்பு நோய் என்று சந்தேகம் எழும் எம்.ஆர்.ஐ. அறிக்கை, அனுப்பிய மருத்துவரிடம் நேரே போக வேண்டும். அவர் நோயாளியிடம், நோயாளி சம்மதித்தால் மட்டும் குடும்பத்திடம், உட்கார்ந்து பேச வேண்டும். அறிகுறி இல்லாதவரின் மூளைப் படத்தை வைத்து வருங்கால நோயைக் கணிப்பது எதுவாயினும் அதை மரபணுச் சோதனையாகவே சட்டம் கருத வேண்டும். காப்பீட்டு நிறுவனமும் வேலை கொடுப்பவரும் அதைக் கேட்பது குற்றமாக வேண்டும். பதினெட்டு நிரம்பாத, அறிகுறி இல்லாத பிள்ளையை, மருந்தில்லாத நோய்க்காக எந்தக் காரணம் சொல்லியும் அந்தக் குழலுக்குள் படுக்கவைக்கக் கூடாது. ஆராய்ச்சிக்குப் படம் தருகிறவரிடம், முகத்தை அழித்துவிட்டுத்தான் பகிர்வோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் மரபணு ஆலோசகர் பணியிடம் உருவாக்க வேண்டும். இருக்கிற நம்பிக்கை மைய ஆலோசகர்களுக்கே கூடுதல் பயிற்சி கொடுத்து இதைத் தொடங்கலாம் என்று யாராவது ஒரு மருத்துவக் கல்லூரி முதல்வர் துணிந்தால், நாம் அவரைப் பாராட்டித் தனித் தலையங்கம் எழுதத் தயார்.

இன்னும் ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில், மண்டையோட்டில் சிறு துளையிட்டு, எம்.ஆர்.ஐ. வழிகாட்ட, காடேட்டுக்கும் புட்டமெனுக்கும் நேரடியாகச் செலுத்தும் ஒரு மரபணுச் சிகிச்சை ஹன்டிங்டன் நோயின் வேகத்தை மூன்றாண்டுகளில் 75 சதவீதம் குறைத்ததாக அதைத் தயாரித்த நிறுவனம் அறிவித்தது. உயர்ந்த அளவில் மருந்து பெற்று மூன்றாண்டு முடித்தவர்கள் வெறும் 12 பேர், ஒப்பீடும் வெளித்தரவுகளோடுதான். கொண்டாடுவதற்கு நாள் இருக்கிறது. ஆனால் இந்த மருந்தோ இதைப்போல இன்னொன்றோ நிலைபெற்றுவிட்டால், ஹன்டிங்டன் நோயும் வில்சன் இருக்கும் பக்கத்துக்கு நகரத் தொடங்கும். சீக்கிரம் தெரிந்துகொள்வதில் அர்த்தம் பிறக்கும். அன்றைக்குத் தெரிந்துகொள்ள விரும்பி வருகிறவரை வரவேற்க, தெரியவேண்டாம் என்கிறவரைத் தொந்தரவில்லாமல் வீட்டுக்கு அனுப்ப, ஓர் அறையும் ஒரு நாற்காலியும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் நம்மிடம் இருக்க வேண்டும். மருந்து வந்த பிறகு அறை கட்டத் தொடங்கினால் அதற்குள் ஆயிரம் உறைகள் பிரிக்கப்பட்டிருக்கும்.

முதல் பத்தியில் விட்டுவந்த மகன் இன்னும் ஸ்கேன் சென்டர் வாசலில்தான் நிற்கிறான். டீ குடித்துவிட்டு வந்த அப்பா, என்னப்பா எழுதியிருக்கு என்று கேட்கிறார். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் அன்றைய வேலை நேரம் முடிந்து ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.